டெய்லர் பிரேஸ்: ஒரு தையல்காரன் பார்வையில்

என் மனைவிக்கு 74 வயது. முதுகெலும்பு முறிந்து 10 வாரம், முதுகைக் குனிய விடாமல் பிடிக்கும் டெய்லர் பிரேஸ் போட்டிருந்தாள். கழற்றி 2 மாதம் ஆகிறது. நான் 41 வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவன். உடம்பில் ஒன்றை மாட்டினால் எங்கே இழுக்கும், எங்கே தூக்கி நிற்கும் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு 10 வாரம் தினமும் இதைக் கட்டி அவிழ்த்திருக்கிறேன். இதே பிரேஸை வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓரமாக வைத்திருந்த துணி மூட்டையைக் குனிந்து தூக்கினாள். விழவில்லை, எங்கும் மோதவில்லை. "என்னங்க, முதுகுல ஏதோ மளுக்குன்னுச்சு" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கே போன இடத்தில் எக்ஸ்-ரே எடுத்து, ஒன்றும் இல்லை, சதைப்பிடிப்பு என்று சொல்லி, தடவ மருந்தும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். படுத்தால் வலி அடங்கும். புரண்டால், எழுந்தால் உயிர் போகும். 9 நாள் பார்த்துவிட்டு வேறு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் முதுகுத் தண்டின் நடுவில் ஒவ்வொரு எலும்பாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் தட்டியதும் இவள் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். மறுபடி எடுத்த எக்ஸ்-ரேயில், இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. எல்-1 என்று எழுதினார். முதல் சில நாள் எக்ஸ்-ரேயில் இது தெரியாமல் போவது உண்டாம். எழுந்து நின்று நடமாடும்போது பாரம் இறங்கி, நசுங்கல் அதிகமான பிறகுதான் படத்தில் தெரியுமாம்.

எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். எது புது முறிவு, எது பழையது என்று அதில்தான் பிரித்துப் பார்க்க முடியும். புது முறிவில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். எல்-1 புதியது. ஆனால் மேலே, மார்புப் பகுதியின் எட்டாவது எலும்பில் இன்னொரு முறிவு. அது பழையது, எப்போதோ ஆறிப்போனது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவே தெரியாது. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் ஒரு பங்குதான் டாக்டர் கண்ணுக்கு வருகிறது, மீதி முதுகுவலி என்று போய்விடுகிறது என்றார்.

அன்று ராத்திரி என் அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு எல்லா ஜாக்கெட்டும் நான்தான் தைக்கிறேன். கடைசி 4 வருஷத்தில் முன் உயரத்தை முக்கால் இஞ்ச் குறைத்திருக்கிறேன், பின் உயரத்தை அரை இஞ்ச் கூட்டியிருக்கிறேன். முன்னால் துணி சுருண்டு நின்றது, பின் கழுத்து தூக்கிக்கொண்டது, அதனால் மாற்றினேன். கூன் விழுந்ததை என் கையாலேயே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இள வயதில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்தாலே முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். வீட்டில் 60 வயது தாண்டிய பெண்கள் இருந்தால் சுவரில் நிற்க வைத்து ஒரு கோடு போட்டு வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

சரி, பிரேஸுக்கு வருகிறேன். பெயரில் டெய்லர் என்று இருந்தாலும் தையல் தொழிலோடு சம்பந்தம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் இருந்த சார்லஸ் டெய்லர் என்ற எலும்பு டாக்டர், முதுகெலும்பில் காசநோய் வந்தவர்களுக்காக உருவாக்கிய வடிவம். பின்னால் முதுகுத் தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு உலோகப் பட்டை, மேலே தோளில் இருந்து அக்குள் வழியாகச் சுற்றி வரும் இரண்டு வார், கீழே இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி, முன்னால் வயிற்றை மூடும் அகலமான துணி. ஒட்டுவதெல்லாம் வெல்க்ரோ. இடுப்புவலிக்குப் போடும் சாதாரண பெல்ட் வேறு, இது வேறு. அந்த பெல்ட் இவளுக்கு எலும்பு உடைந்த இடத்திலேயே வந்து முடிந்துவிடும், அதற்கு மேலே ஒரு பிடிமானமும் தராது. மார்பெலும்பிலும் அடிவயிற்றிலும் முன்னாலிருந்து அழுத்தி உடம்பை நிமிர்த்தும் சிலுவை வடிவ பிரேஸ் ஒன்றும் இருக்கிறது. ஏற்கெனவே கூன் விழுந்தவர்களுக்கு அது நெஞ்சில் அழுத்தும், பெரும்பாலும் கழற்றி எறிந்துவிடுவார்கள் என்று டாக்டர் இதையே எழுதிக் கொடுத்தார்.

இது எலும்பைத் தூக்கிப் பிடிக்காது. உடைந்த எலும்பு தானாகத்தான் கூடும். நாம் குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்கத்தில்தான் பாரம் ஏறுகிறது, நசுங்கியதும் அந்தப் பக்கம்தான். பிரேஸ் குனிய விடாமல் தடுக்கிறது, குனியப் போனால் தோளில் இழுத்து ஞாபகப்படுத்துகிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

இனி குறைகள். மருத்துவக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் வாங்கினோம். சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா ஒல்லியா குண்டா?" என்று கேட்டு, "மீடியம் சரியா இருக்கும்" என்று ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். டேப் வெளியே வரவே இல்லை. வீட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டு உலோகப் பட்டையும் நேராக நிற்கின்றன, இவள் முதுகு வளைந்திருக்கிறது. கூனில் பட்டை குத்துகிறது, இடுப்புக் குழியில் நாலு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வளைவான உடம்புக்கு டக் (வளைவுக்கு ஏற்ற மடிப்பு) பிடிக்காமல் தைத்த துணி மாதிரி. முதல் நாள் ராத்திரி கழற்றும்போது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவு சிவந்திருந்தது. அரை மணி நேரம் கழித்தும் அந்தச் சிவப்பு போகவில்லை. வயதானவர்களின் தோல் மெல்லிசு. அப்படிப் போகாத சிவப்பு என்றால் அடுத்து அங்கே புண்தான்.

நானே வளைத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. வளைக்கவில்லை. அது உலோகம், உடைந்த முதுகு. ஆஸ்பத்திரியிலேயே பிரேஸ், செயற்கைக் கால் எல்லாம் செய்கிற ஒருவர் இருந்தார், அவரிடம் எடுத்துப் போனேன். இவளை நிற்க வைத்து, பக்கவாட்டில் பார்த்து, சாக்பீஸால் குறி வைத்து, இரண்டு முறுக்கிகளால் பட்டையை ஒவ்வோர் அங்குலமாக வளைத்தார். போட்டுப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி வளைப்பார். முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் அது பிரேஸ் ஆனது. இந்தப் பொருளை வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: வளைத்துக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

தையல் தரம் சுமார். வயிற்றுத் துணியின் விளிம்பை மடித்துத் தைக்காமல் ஓவர்லாக் அடித்து விட்டிருந்தார்கள், அந்த விளிம்பு தொடை மடியும் இடத்தில் உரசியது. தோள் வார் பாலியஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, அக்குளில் அறுக்கும். பிசியோதெரபிக்கு வந்த பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். "ஐயா, உலோகம் இருக்கிற இடத்துல எதுவும் வைக்காதீங்க, வார்ல மட்டும் பண்ணிக்கலாம்" என்றாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய காட்டன் துணியில் இரண்டு உறை தைத்தேன், தையல் தோல்மேல் படாமல் வெளிப்பக்கம் வரும்படி. அதை வாரில் நுழைத்துவிட்டோம். இரண்டு ஜோடி இருந்ததால் தினமும் துவைக்க முடிந்தது. உள்ளே தையல் இல்லாத காட்டன் பனியன் ஒன்று, சுருக்கம் இல்லாமல். சுருக்கமும் புண் செய்யும்.

இன்னொன்று செய்தேன், அதுதான் ரொம்ப உதவியது. ஒவ்வொரு வாரும் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று சிவப்பு நூலால் ஒரு சின்னக் கோடு போட்டுத் தைத்து வைத்தேன். நான் கட்டினாலும் மகள் கட்டினாலும் ஒரே இறுக்கம். வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூச்சு முழுதாக இழுக்க முடிய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் வயிறு அழுந்தி நெஞ்செரிச்சல் வருகிறது, சாப்பிட முடிவதில்லை.

போடும் முறையைப் பொறுமையாகப் பழகுங்கள். படுத்த நிலையில்தான் போட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவது போலப் பக்கவாட்டில் உருட்டுவது. முதுகில் பிரேஸை வைத்து, முதுகுத் தண்டு இரண்டு பட்டைக்கும் நடுவில் வருகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. அப்படியே திரும்ப மல்லாக்க உருட்டி, முதலில் வயிற்றுப் பட்டி, கீழிருந்து மேலாக. தோள் வார் கடைசியில். அப்புறம் மறுபடி பக்கவாட்டில் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது. முதல் வாரம் எங்களுக்கு இது 20 நிமிஷம் ஆகும், நடுவில் அவள் அழுதிருக்கிறாள். மூன்றாவது வாரத்தில் 6 நிமிஷத்தில் முடிந்தது. ராத்திரி படுக்கும்போது கழற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். சிலருக்கு வேறு மாதிரி சொல்வார்கள், உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கழிப்பறைதான் கஷ்டம். உட்காரும்போது வயிற்றுத் துணியின் கீழ் விளிம்பு தொடையில் முட்டுகிறது. உயரமான இருக்கை வைத்த பிறகு பரவாயில்லை. வலி மாத்திரையில் மலச்சிக்கல் வரும், முக்கினால் முதுகில் வெட்டும். முதல் நாளே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள்.

இது உதவியதா? உதவியது. நாலாவது நாள் எழுந்து நின்றாள். பத்தாவது நாள் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாள். பிரேஸ் இல்லாமல் அவளுக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. படுத்தே கிடந்தால் வயதானவர்களுக்குக் காலில் சதை மளமளவென்று கரைந்துவிடும், எலும்பும் இன்னும் இளைக்கும், நெஞ்சில் சளி கட்டும். அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பியதற்கு இந்தப் பொருளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். "இது போட்டால்தான் எலும்பு கூடுமா?" என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். இல்லை என்றார். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். இப்படி முறிவு வந்த 60 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டியான பிரேஸ், ஒன்றுக்கு மெத்தென்ற பெல்ட், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. 12 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். "அப்போ ஏன் சார் எழுதினீங்க?" என்றேன். "அம்மா எழுந்து நிக்கணும், அதுக்கு" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே உங்கள் வீட்டில் இதைப் போடவே முடியாமல் தவிப்பவர்கள் இருந்தால், போடாவிட்டால் கெட்டுவிடும் என்று மிரட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கும்.

மருமகன் சிமென்ட் வைக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேட்டார். ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட் செலுத்துவது 1984-இல் பிரான்ஸில் தொடங்கியது. 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் வைத்தவர்களுக்கும் வைத்தது போலப் பாவனை மட்டும் செய்தவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. 2016-இல் ஓர் ஆய்வு, முறிந்து 6 வாரத்துக்குள் இருந்த, வலி கடுமையாக இருந்தவர்களுக்குப் பலன் இருப்பதாகச் சொன்னது. டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மாத்திரையிலும் அடங்காத வலியோடு படுத்த படுக்கையாக இருந்தால் யோசிக்கலாம் என்றார் எங்கள் டாக்டர். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இந்தப் பொருளின் பெரிய ஆபத்து அதன் தையலிலோ பட்டையிலோ இல்லை. பிரேஸ் வாங்கி மாட்டியதும் வைத்தியம் முடிந்தது என்ற நிம்மதி வீட்டில் எல்லாருக்கும் வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. எனக்கும் வந்தது. எட்டாவது எலும்பு உடைந்தபோதே யாராவது கண்டுபிடித்து எலும்புக்கு மருந்து கொடுத்திருந்தால், இரண்டாவது ஒருவேளை உடைந்திருக்காது. முதுகெலும்பில் ஒரு முறிவு வந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருஷத்துக்குள் அடுத்த முறிவு வருகிறது. துணி மூட்டை தூக்கியதில் முள்ளெலும்பு நசுங்குகிறது என்றால் எலும்பு அவ்வளவு இளைத்திருக்கிறது, அதற்குத்தான் வைத்தியம் வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இவளுக்கு மைனஸ் 3.1. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புத் தேய்மான நோய். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய ஒரு சோதனையும் செய்தார்கள்.

அப்புறம் டெரிபாரடைட் ஊசி. தினமும் ஒன்று, 20 மைக்ரோகிராம், தோலுக்கு அடியில். பேனா மாதிரி இருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஒன்று 28 நாள் வரும். புது எலும்பை வளர்க்கிற மருந்து இது. 2 வருஷம் வரை போடலாம். முடிந்ததும் வேறு மருந்துக்கு மாறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்த எலும்பு மறுபடி கரைந்துவிடும். எல்லாருக்கும் இதே மருந்து இல்லை. வாரம் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப், 6 மாதத்துக்கு ஒரு ஊசி என்று பல வகை உண்டு. அந்த 6 மாத ஊசியைத் தேதி தவற விட்டால் முதுகெலும்புகள் வரிசையாக முறியக்கூடும் என்று எச்சரித்தார்கள், அதைப் போடுகிறவர்கள் ஜாக்கிரதை. இவளுக்கு ஊசியை நான்தான் போடுகிறேன். ஊசி என் கைக்குப் பழக்கம்தான், ஆனாலும் முதல் நாள் கை நடுங்கியது. முதல் சில நாள் தலைசுற்றல் வரலாம் என்பதால் உட்கார வைத்துத்தான் போட வேண்டும்.

உடற்பயிற்சியில் ஒரே ஒரு விஷயம். முதுகுவலிக்குக் குனிந்து கால் விரலைத் தொடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். இவளுக்கும் சொன்னார்கள். 1984-இல் மேயோ கிளினிக்கில் செய்த ஆய்வில், எலும்பு தேய்ந்த பெண்களில் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புது நசுங்கல் வந்தது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் பிசியோதெரபிக்கு வந்த பெண் இதைச் சொன்ன நாளிலிருந்து குனிவது எங்கள் வீட்டில் நின்றது. தரையில் விழுந்ததை எடுக்க நீளக் கிடுக்கி ஒன்று வாங்கினோம். சுவரில் முதுகைச் சாய்த்துத் தோளைப் பின்னால் இழுப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, இந்த இரண்டும் இன்றைக்கும் தொடர்கின்றன. எட்டாவது வாரத்திலிருந்து பிரேஸ் போடும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வந்தோம். சட்டென்று நிறுத்தவில்லை.

காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ பிரேஸைச் சரிசெய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

5-க்கு மூன்றரை கொடுக்கிறேன். வளைத்துக் கொடுத்தவர் இல்லாவிட்டால் 2 தான்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் வந்தார். அவர் அக்காவுக்கும் இதே முறிவாம். "பெல்ட் சும்மாதானே இருக்கு, கொடுங்களேன்" என்றார். கொடுக்க மனமில்லாமல் இல்லை, ஆனால் அந்தப் பட்டை இவள் கூனுக்கு வளைத்தது, அந்த அம்மாவுக்கு வேறு இடத்தில் குத்தும். டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெஞ்சுச் சுற்றளவு, இடுப்பு, இடுப்பெலும்புக்குக் கீழே ஒரு சுற்று, கழுத்து எலும்பிலிருந்து வால் எலும்பு வரை முதுகு நீளம், எல்லாம் அந்த அம்மாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்தே எடுத்தேன். சீட்டில் எழுதிக் கொடுத்து, கீழே டெக்ஸா ஸ்கேன் என்றும் எழுதினேன். "இது எதுக்கு?" என்றார் அவர். உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.